ஒரே குத்து போதுமா?



நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக நடந்த சண்டையைப் படித்தேன். ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்த ஒருவர் காலை ஆறரைக்கு டியோன்டே வைல்டரின் நாக்அவுட் காட்சிகளைப் போட்டு, "இவரை மாதிரி ஹெவிவெயிட் எவனும் இல்லை" என்றார். இருங்காட்டுக்கோட்டைக்காரர் ஒருவர், "வலது கையைத் தவிர அவருக்கு என்ன தெரியும்?" என்றார். மதியத்துக்குள் ஒருவரை ஒருவர் 'டேய்' போட்டுக்கொண்டீர்கள். கடைசியில் என் தங்கை மகன், "மாமா, நீங்களே சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டான்.

கணக்கு வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 1980இல் முகமது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது எனக்கு 22 வயது. டிக்கெட்டுக்குக் காசில்லை. மறுநாள் டீக்கடையில் பேப்பரை மூன்று முறை படித்தேன். அன்றிலிருந்து இந்தப் பைத்தியம் உண்டு.

முதலில் வைல்டருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். அலபாமாவின் டஸ்கலூசாக்காரர். மகளுக்குப் பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடு. அவளுக்காகச் சம்பாதிக்க வேண்டும் என்றுதான் இருபது வயதை ஒட்டிக் கையுறை மாட்டினார். மற்றவர்கள் பத்து வயதில் தொடங்குகிற விளையாட்டு இது. ஆனாலும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். தொழில்முறைக்கு வந்து முதல் 32 சண்டையும் நாக்அவுட். 2015 ஜனவரியில் ஸ்டிவர்னை வென்று டபிள்யூபிசி பட்டம், அதை ஐந்து ஆண்டு கையில் வைத்திருந்தார். இதையெல்லாம் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று எழுதிய தம்பி அந்த வரியை அழித்துவிடலாம்.

ஆனால் கேள்வி அவர் பலசாலியா என்பதல்ல, முதல் வரிசைக்காரரா என்பது. என் பதில், இல்லை.

லூயிஸ் ஓர்டிஸுடன் 2019 நவம்பரில் நடந்த இரண்டாவது சண்டையைப் பாருங்கள். ஆறு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் வைல்டர் பின்தங்கியிருந்தார். ஏழாவது சுற்றில் ஒரு வலது கை, சண்டை முடிந்தது. காட்சித் தொகுப்பில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு குத்து மட்டும். அதற்கு முந்தைய பதினெட்டு நிமிடத்தை யாரும் வெட்டி ஒட்டிப் போடுவதில்லை. விடைத்தாளில் படிகள் எதுவும் இல்லாமல் கடைசியில் சரியான விடை மட்டும் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

படிகளைக் கேட்டவர் டைசன் ஃப்யூரி. 2018 டிசம்பரில் முதல் சண்டை டிரா. ஃப்யூரி இரண்டு முறை விழுந்தார், கடைசிச் சுற்றில் விழுந்தபோது இனி எழமாட்டார் என்றே நினைத்தேன். எழுந்தார். 2020 பிப்ரவரியில் பின்வாங்காமல் முன்னேறி வந்து ஏழாவது சுற்றில் முடித்தார். வலது கையை ஓங்க இடமே கொடுக்கவில்லை, அதன்பின் வைல்டரிடம் வேறு திட்டமும் இல்லை. 2023 டிசம்பரில் ஜோசப் பார்க்கர் 12 சுற்றும் அதே பாடத்தை நடத்தினார். அடுத்த ஜூனில் ஜாங் ஜிலே ஐந்தாவது சுற்றிலேயே வீழ்த்திவிட்டார்.

உங்களில் பிரஸ் ஷாப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரஸ் எத்தனை டன்னாக இருந்தாலும் டை சரியாக உட்காரவில்லை என்றால் வருவது ஸ்கிராப்தான். குத்துச்சண்டையில் டையை உட்கார வைப்பது கால்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, குழுவில் யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். ஸ்டிவர்னுடன் பட்டம் வென்ற அன்று நாக்அவுட் இல்லை. இடது கை ஜாபை வைத்துக்கொண்டே 12 சுற்று ஆடிப் புள்ளிகளில் வென்றார். ஆக அவருக்குத் தெரியாமல் இல்லை. வலது கை இருக்கும்போது மற்றது எதற்கு என்று விட்டுவிட்டார். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. 2021 அக்டோபரில் மூன்றாவது சண்டையில் ஃப்யூரியை நான்காவது சுற்றில் இரண்டு முறை வீழ்த்தி, தானும் மூன்று முறை விழுந்து, பதினோராவது சுற்றுவரை நின்றார். அந்த நெஞ்சுரத்துக்கு நான் எழுந்து நின்று வணங்குவேன். மதிப்பெண் வேறு, வணக்கம் வேறு.

எர்னி ஷேவர்ஸ் என்று ஒருவர் இருந்தார். இடிபோல் அடிப்பார். 1977இல் அலியைக் கலங்கடித்தார், 1979இல் லாரி ஹோம்ஸைத் தரையில் போட்டார். இரண்டிலும் தோற்றார், உலகப் பட்டம் கடைசிவரை இல்லை. மாறாக உசிக்கைப் பாருங்கள். எடையும் குறைவு, இடியும் இல்லை. 2024 மே மாதம் ஃப்யூரியையே வென்று ஹெவிவெயிட்டின் எல்லாப் பட்டங்களையும் எடுத்துக்கொண்டார். நம் ஊருக்கு இது புதிதா? 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது வேம்புலியின் குத்தையா பேசினீர்கள்? டான்சிங் ரோஸின் கால்களைத்தானே வீட்டுக்கு வீடு ஆடிக் காட்டினீர்கள்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வைல்டர் அல்ல. குழுவில் முதல் வீடியோவைப் போட்டவன் யார் என்று எனக்குத் தெரியும். உதிரிபாக ஆலையில் பயிற்சியாளாக இருக்கிறான், மாவட்டப் போட்டிகளில் முதல் சுற்றிலேயே ஆட்களை விழவைத்தவன். மாநிலப் போட்டியில் புள்ளிகளில் தோற்றான். நண்பர்கள், "நடுவர் சரியில்லை, உன் ஒரு அடி போதும், வேலையை விட்டுட்டு முழு நேரமா இறங்கு" என்கிறார்கள். அவன் அப்பா போன வாரம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க சொன்னா கேப்பான் சார்" என்றார்.

நான் அவனுக்குச் சொல்லத் தகுதியானவனா என்று இரண்டு இரவு யோசித்தேன். பல வருஷம் முன்பு மனக்கணக்கில் புலியான ஒரு பையனை வகுப்பில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். படி எழுதாமல் விடை சொல்வான், நான் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவேன். பிளஸ் டூவில் அவன் கணக்கில் தோற்றபோது அந்தத் தோல்வியில் பாதி என்னுடையது. இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை, தம்பி. மன்னித்துக்கொள்.

ஆகவே முதல் வீடியோக்காரா, உனக்கு. நீ ஆடும் அமெச்சூர் போட்டி மூன்றே சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். எதிரி விழாவிட்டால் ஒன்பது நிமிடத்துக்கு உன்னிடம் என்ன இருக்கிறது? டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சதீஷ் குமார் முகத்தில் 13 தையலோடு உலக சாம்பியன் ஜலோலோவ் முன்னால் மூன்று சுற்றும் நின்றார், தெரியுமா? தோற்றார்தான். ஆனால் அந்த வீடியோவையும் ஒருமுறை முழுதாகப் பார்.

வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் அப்படிச் சொல்லவில்லை. இந்த மாதம் விடாதே என்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரம் வீட்டுக்கு வா. நீ தோற்ற அந்த மாநிலப் போட்டியின் வீடியோவை எடுத்து வா, வெட்டாதது. அத்தை இட்லி ஊற்றி வைப்பாள். நாம் இருவரும் உட்கார்ந்து, உன் இடது கை எத்தனை முறை நீண்டது என்று மட்டும் எண்ணுவோம்.