வெளுத்த படங்கள் போதும்

கல்யாணம் நிச்சயமான வீட்டில் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்ததும் பெண்ணோ பையனோ கைபேசியை நீட்டுகிறார்கள். “இதே மாதிரி வேணும்ண்ணா” என்று சேர்த்துவைத்த படங்கள். மலைமுகட்டில் ஒரு ஜோடி, முதுகுக்குப் பின்னால் ஒரு ஃப்ளாஷ், இருவரும் கறுத்த உருவங்களாக, ஓரத்தில் மட்டும் வெள்ளைக் கோடு. அடுத்ததில் ஒரு கன்னம் சிவப்பு, மறு கன்னம் நீலம். அதற்கடுத்ததில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் முத்தம். முதன்முதலில் இதை எடுத்தவர் எங்கோ, ஏதோ ஒரு மாலையில், தன் முன்னால் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து யோசித்திருப்பார். அந்த யோசனையை விட்டுவிட்டு விளைவை மட்டும் நகலெடுத்ததில் சேலம், ஈரோடு, நாமக்கல் எங்கும் இன்று ஒரே ஆல்பம்தான். முகங்கள் மட்டும் வேறு.

அந்த முகங்கள் எல்லாமே வெளுத்திருக்கின்றன.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஃப்ளாஷை வைத்து யாரும் எடுக்காத மாதிரி எப்படி எடுப்பது? புது லைட், லைட்டில் மாட்டும் புது வண்ண ஜெல், காசு கொடுத்து வாங்கிய ப்ரீசெட் என்று தேடுகிறார்கள். நான் வேறு இடத்தைக் காட்டுகிறேன். நம் வீட்டுப் பெண்களின் தோல் என்ன நிறமோ, அந்த நிறத்தை அதன் அழகோடு ஒளியில் கொண்டுவரப் பழகுங்கள். நாம் படம் எடுக்கும் வீடுகளுக்கும் முகங்களுக்கும் மலைப் பனிக்கும் எந்த வீடியோவிலும் விடை கிடையாது. நாமே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடித்தது நமக்குச் சொந்தமாகிவிடும்.

என் ஊர் ஏற்காட்டு மலையில் உள்ள செம்மநத்தம். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் படகு ஏரியையும் பகோடா பாயின்ட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். காபிச் செடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், நடுவே தாழ்ந்த கூரை வீடுகள் என்று இருக்கும் எங்கள் மலைக்கிராமங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இங்கே முகூர்த்தம் பெரும்பாலும் வீட்டு வாசல் பந்தலில்தான் நடக்கிறது. ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பி, வெள்ளை மேற்கூரையில் பட்டுத் தெறிக்கும் மெல்லிய வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியிலும் முதல் பாடம். எங்கள் வீடுகளில் அந்தப் பாடம் செல்லாது. கூரை ஓடு, இல்லை தகரம். அடுப்புப் புகையில் கறுத்துப்போயிருக்கும். பக்கத்துச் சுவருக்குத் திருப்பலாம் என்றால் சுவர் பச்சை, இல்லாவிட்டால் நீலம். பெண்ணின் முகத்தில் பச்சை அப்பிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் வேட்டியைப் பிடித்தேன். நாலு முழம் வெள்ளை வேட்டியைப் பெண்ணின் ஒரு பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், தாய்மாமனும் அண்ணனும் ஆளுக்கொரு முனையாக விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். ஃப்ளாஷ் பெண்ணைப் பார்க்காமல் வேட்டியைப் பார்க்கும். வெளிச்சம் துணி முழுதும் பரவி, அங்கிருந்து முகத்தின் ஒரு பக்கத்தில் வந்து விழும். வெளிச்சம் தரும் பரப்பு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழலின் ஓரம் மென்மையாகும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. நம் நிறத்துக்கு அது கூடுதலாக ஒன்று செய்கிறது. கறுத்த தோல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மினுங்கும். கன்னத்து எலும்பில், மூக்கின் மேட்டில், தோளில் அந்த மினுக்கம் எங்கே தொடங்கி எங்கே கரைகிறது என்பதில்தான் முகத்தின் வடிவமே இருக்கிறது. பரந்த பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரும் ஒளிதான் அதை வரைந்து காட்டும். கேமரா தலையில் மாட்டிய ஃப்ளாஷ் நேராக அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டும், மற்ற இடமெல்லாம் தட்டையும்தான் மிச்சம்.

மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை வேறு கேமராவை ஏமாற்றும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்ற கணக்கில் வேலை செய்கிறது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் பாதிப் படத்தை நிறைத்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் பெண் இருட்டில் போய்விடுவாள். உடனே புகைப்படக்காரர் ஃப்ளாஷைக் கூட்டுவார், முகம் சுண்ணாம்பாகும், தாலிக்கொடியின் வேலைப்பாடு வெறும் மஞ்சள் தீற்றலாகிவிடும். செய்ய வேண்டியது எளிது. பெண்ணின் முகத்துக்கென்று வெளிச்சத்தை அளந்து, அந்த முகம் நடுத்தரச் சாம்பலைவிட எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அடர்த்தியிலேயே அதை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளையை விளக்கிலிருந்து ஓரடி தள்ளி நிற்கச் சொன்னால் சட்டையும் அடங்கிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்று பள்ளியில் படித்த விதி இங்கே அவ்வளவு உதவுகிறது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு குரல் வரும். பெண்ணின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன் கண்ணு, புள்ளையக் கொஞ்சம் வெளுப்பா எடுத்துக் குடு” என்பார். அம்மா அதையே, “கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்குங்க தம்பி” என்பார். இந்த வார்த்தைக்கு நான் பணிவதில்லை. பாட்டி மேல் எனக்குக் கோபமும் இல்லை. பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் நிறத்தைப் பற்றி என்ன பேசிவிட்டுப் போனார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சிலிருந்து பேத்தியைக் காப்பாற்றப் பார்க்கிறார். ஆனால் படம் முப்பது வருடம் சுவரில் தொங்கப்போகிறது. அந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் மகள் அதைப் பார்த்துத்தான் வளர்வாள். அம்மா அழகாக இருந்த ஒரே நாளில் அம்மா வேறு நிறத்தில் இருந்தாள் என்று அந்தக் குழந்தைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒப்பனைக்காரர்களிடமும் இதைப் பேசியாக வேண்டும். மணப்பெண்ணின் நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய பூச்சைப் பூசுகிறார்கள். சில பவுடர்களில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போது தெரியாது, ஃப்ளாஷ் பட்டதும் அப்படியே வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். தாலி கட்டும் படத்தைப் பாருங்கள். பெண்ணின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கூப்பிய கை இன்னொரு நிறம். கையை யாரும் மாற்றுவதில்லை. காபிப்பழம் பறித்த கை, அது தன் நிறத்திலேயே இருக்கிறது.

கறுத்த தோலுக்கு எதிரான இந்தச் சாய்வு கருவிக்குள்ளேயே இருந்த ஒன்று. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்று பேர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. உலகத்தில் மற்ற எல்லா முகமும் அவளுக்கு ஏற்றபடி அச்சானது. ஃபிலிம் பழுப்பு நிறங்களைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் குறை சொன்ன பிறகுதான் அதைத் திருத்துவதில் வேகம் வந்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்கள் குறை சொன்னது காதில் விழ அவ்வளவு நாளாயிற்று. நம் பழைய ஸ்டுடியோக்காரர்களும் நெகட்டிவில் பென்சிலால் தொட்டு முகத்தை வெளுக்கவைத்தவர்கள்தான். இருந்தாலும் அவர்களிடம் ஒரு பொறுமை இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்துவருகிறது. அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் ஒரே பக்கத்திலிருந்து விழும் ஒளியில் பட்டுச்சேலை மடிப்பு மடிப்பாகத் தெரிவதைப் பார்க்கும்போது, எத்தனை விளக்கு வைத்திருந்தும் அது ஏன் நமக்கு வருவதில்லை என்று கேட்கத் தோன்றும்.

வெளிச்சத்தைக் கற்க நமக்கு வெளியூர் வாத்தியார்தான் வேண்டும் என்பதும் இல்லை. மலையிலிருந்து சேலத்து மண்டபத்துக்கு இறங்கும்போதெல்லாம் ஏற்காடு சாலையில் பழைய சினிமா நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடந்துதான் போகிறேன். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் வந்தது அந்த நிறுவனத்திலிருந்துதான். எனக்கு ஆசான் என்றால் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா. மட்டக்களப்பிலிருந்து வந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். நடிகைகள் ஷோபாவையும் அர்ச்சனாவையும் அவரவர் நிறத்திலேயே திரையில் நிற்கவைத்தார். அவருடைய ‘வீடு’ படத்துக்காக அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஜன்னலோரத்தில் அந்த முகத்தில் வெளிச்சம் விழும் இடங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு பயிற்சி முகாமில் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும். அவர் பெரும்பாலும் இருக்கிற வெளிச்சத்தை நம்பியவர். நான் ஃப்ளாஷ்காரன். ஆனாலும் ஃப்ளாஷை எங்கே வைப்பது என்று அவர் படங்களின் ஜன்னல்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பந்தலுக்குள்ளேயே பனி வந்துவிடும். கேமரா மேல் இருக்கும் ஃப்ளாஷை அடித்தால், கொண்டை ஊசி வளைவில் பனிக்குள் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்ட பஸ் மாதிரி, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். நீர்த்துளிகள் தங்கள்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பங்கை அது போகும் திசையிலேயே முன்னால் சிதறடிக்கின்றன. அதனால் விளக்கை ஜோடிக்குப் பின்னால், மரத்தடியில் ஒளித்துவைத்தால் பனி முழுக்க ஒளி ஏறும். சில்வர் ஓக் தண்டுகளுக்கு இடையில் கதிர் கதிராக இறங்கும். அத்துடன் நிறுத்தினால் கைபேசியில் காட்டிய அதே நிழலுருவப் படம்தான். முன்பக்கம் அந்த வேட்டி வேண்டும். அதற்கு எதிரே, பந்தலின் குண்டு பல்புக்கு ஈடாக ஆரஞ்சு ஜெல் போட்ட சின்ன ஃப்ளாஷ், மிகக் குறைந்த சக்தியில். அப்போது மஞ்சள் பூசிய கன்னம் அந்த இள வெம்மையில் தன் நிறத்தோடு எழும், பின்னால் பனி நீலமாக நிற்கும்.

இப்படிப்பட்ட பனி தானாக வரும் மலைக்கு, படத்தில் புகை காட்டுவதற்காகச் சில புகைப்படக்காரர்கள் கீழேயிருந்து புகைக்குண்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மாசி, பங்குனியில் சருகு காய்ந்து கிடக்கும்போது அதைக் கொளுத்துவது காட்டுக்கு ஆபத்து. இதை வனத்துறை கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். தொழில் செய்கிற நாமே முதலில் நிறுத்த வேண்டும்.

குடும்பங்களிடம் நான் கேட்பது, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டைப் பார்க்கவிடுங்கள். எந்தச் சுவர் என்ன நிறம், விளக்கு எங்கே தொங்குகிறது, பெண் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆல்பம் அச்சடிக்கும் கூடங்களுக்கு நான் அனுப்பும் ஒவ்வொரு ஆர்டரிலும் ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதுகிறேன். எழுதாவிட்டால் அங்கே இயந்திரம் எல்லா முகத்தையும் ஒரு படி ஏற்றிவிடும். மற்ற புகைப்படக்காரர்களும் எழுத வேண்டும். நிறைய பேர் எழுதினால் அச்சுக்கூடமே அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளும்.

புகைப்படக்காரர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநகரங்களில் நடக்கும் ஃப்ளாஷ் பயிற்சி முகாம்களில் மாடலாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லாருமே வெளிர் நிறத்தவர்கள். அங்கே கற்ற கணக்கைக் கொண்டுவந்துதான் பையன்கள் இங்கே பெண்களை வெளுக்கவைக்கிறார்கள். அடுத்த முகாமை ஐப்பசியில் ஏற்காட்டில் வையுங்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு உரிய சம்பளம் கொடுத்து மாடலாக உட்காரவையுங்கள். பச்சைச் சுவர் வீடும் வேட்டியும் நான் ஏற்பாடு செய்கிறேன்.