நின்று நின்று வரும் மூச்சு

தாம்பரத்தில் காலை மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தவர், வண்டி பல்லாவரத்தைத் தாண்டுவதற்குள் தலை சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவதை அன்றாடம் காண்கிறோம். இரவு ஏழு மணி நேரம் படுத்திருந்தவருக்கு இத்தனை தூக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாரில்லை. அவருடைய குறட்டை நடுநடுவே சட்டென்று அடங்குவதையும், சில விநாடிகள் கழித்துத் திணறலோடு மீண்டும் எழுவதையும் அறிந்த மனைவியும், மனிதர் அசந்து தூங்குகிறார் என்றே திருப்தியடைகிறார்.

அது நித்திரையே அன்று. தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று செல்லும் வழி அடைபட, மூளை திடுக்கிட்டு அதைத் திறந்துவிட, மறுபடியும் அடைபட, இவ்வாறே இரவு கழிகிறது. இவ்விதத் தடை மணிக்கு 5 முதல் 15 வரை நேர்ந்தால் லேசானது என்றும், 30 வரை மத்திமமானது என்றும் வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். பருமனானவர்களுக்கே வரும் வியாதி என்று எண்ணுவதும் தவறு. தாடை சிறுத்த மெலிந்த தேகிகளுக்கும் இது வருவதுண்டு.

1981-ஆம் ஆண்டில் சிட்னி நகரத்து காலின் சல்லிவன் என்னும் வைத்தியர் உலகுக்கு அறிவித்த யந்திரம், மூக்கில் பொருத்திய முகமூடி வழியே காற்றைச் செலுத்தி, அக்காற்றின் அழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து வைக்கிறது. மூச்சுத் தடையை நீக்குவதில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதே சிட்னியில் நடந்து 2013-இல் வெளியான ஆராய்ச்சியில், நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள் ஒரு மாதம் யந்திரத்தையும், ஒரு மாதம் கீழ்த்தாடையை முன்னே இழுத்து நிறுத்தும் பற்கவசத்தையும் அணிந்தபோது, தடையைக் குறைப்பதில் யந்திரம் வென்றதெனினும், கவசத்தை அதிக நேரம் அணிந்திருந்தபடியால், பகல் தூக்கம் குறைவதில் கவசம் அதற்குத் தாழ்ந்துவிடவில்லை.

லேசான, மத்திமமான நிலையிலுள்ளவர்களுக்கு இந்த உண்மையே வழிகாட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில், ஒரே அறையில் நால்வர் படுக்கும் குடித்தனத்தில், முகமூடி வியர்த்து நழுவ, மின்சாரமும் நின்றுபோனால், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் ஒரு மாதத்தில் பரண் ஏறிவிடும். கவசத்திலும் குறையுண்டு: தாடை நோகும், நாளடைவில் பல்வரிசை சற்றே மாறும், ஆடும் பல்லுள்ளவர்களுக்கு ஆகாது. தடை மிகக் கடுமையானவர்களுக்கு யந்திரமே முதல் சிகிச்சை என்பதிலும் ஐயமில்லை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும் என்று 2000-இல் வெளியான விஸ்கான்சின் ஆராய்ச்சி கணித்தது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு முட்டுகிறவருக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரும் பிரயோஜனம் தரும். இரவில் மதுவை விலக்குவதும் அவ்வாறே.

இவ்விரு சிகிச்சைகளையும் சேர்த்து அளிக்க ஏற்ற இடங்கள் அருகிலேயே உண்டு. 1928-இல் சௌரிமுத்து என்னும் வைத்தியர், ஓய்வையும் தூய காற்றையுமே மருந்தாகக் கொண்டு காச நோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியம் இன்று அரசாங்க நெஞ்சக மருத்துவமனையாக நம் தாம்பரத்திலேயே இருக்கிறது. பற்கவசத்துக்கு அச்செடுக்கும் வித்தையைப் பயிற்றுவிக்கத்தக்க பல் மருத்துவக் கல்லூரிகள் பள்ளிக்கரணை முதலான சுற்றுப்புறங்களில் இருக்கின்றன. நெஞ்சக வைத்தியரும் பல் வைத்தியரும் வாரம் ஒரு நாளேனும் ஒரே அறையில் அமர்ந்து, இரண்டு உபகரணங்களையும் நோயாளியின் கையில் கொடுத்துக் காட்டி, எதை இரவுதோறும் அணிய இயலும் என்று அவரையே கேட்க வேண்டும். அன்று அவருடன் அவர் மனைவியும் வரவேண்டும். அந்த இரவுகளைக் கண்டவர் அவர் ஒருவரே.