அழிந்த கோடும் அழியாத கோடும்

இரும்பை! திண்டிவனம் - புதுவைச் சாலையை ஒட்டிய சிற்றூர். அங்கே நின்று மூன்று திசை பார்த்தால் போதும், தோழர்களே, டில்லியின் நீதி எத்தகையது என்பது விளங்கிவிடும்.

தெற்கே புதுவை. ஒரு காலத்தில் அங்கே பிரெஞ்சுக்காரன் எல்லை இருந்தது. சுங்கமும் சோதனையும் இருந்தன. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. அவ்வாண்டே பிறந்த ஓர் ஆணையால் புதுவை மக்கள் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றவர்க்கும் வழி விடப்பட்டது. கோடு அழிந்தது! இன்று கோட்டக்குப்பத்திலிருந்து காலாப்பட்டுக்குப் போகிறவன், மாநிலம் மாறியதை மதுக்கடைப் பலகை பார்த்துத்தான் அறிகிறான்.

கிழக்கே ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல், 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். பல நாட்டவர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு விசா உண்டு. அந்நகருக்கென 1988இல் பாராளுமன்றம் செய்த தனிச் சட்டமும் உண்டு. வாழட்டும்! வந்தாரை வாழவைக்கும் நாடு இது. நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

வடகிழக்கே, மரக்காணம் உப்பளங்களுக்குப் போகும் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு. அங்கும் கடல் கடந்து வந்தோர் உண்டு. பேசுவது தமிழ்; பிள்ளைகள் படிப்பதும் தமிழ். அவர்கள் இருப்பிடத்துக்கு மட்டும் பெயர் முகாம்!

1983 முதல் ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தோரில், 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருப்பதாக 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் கணக்குத் தரப்பட்டது. அப்போதுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 7,469 வீடுகள் கட்டவும் திட்டம் வந்தது. வீடு தர மாநிலத்தால் முடியும். நாடு தர டில்லியால்தான் முடியும்!

டில்லி என்ன செய்தது? 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையை ஆழப் பதித்தது. 2019இல் மீண்டும் திருத்தி, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைக் குறித்தது. முஸ்லிம்களை விலக்கி ஆறு மதத்தாருக்கு வாசல் திறந்தது. இலங்கையின் பெயரே இல்லை! 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்க்குப் பயண ஆவணம் இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்றது. தண்டிக்கமாட்டோம் என்றார்களே தவிர, தழுவிக்கொள்வோம் என்று சொல்லவில்லை.

இதனினும் கொடுமை மலையகத் தமிழர் கதை. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர்களை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர். 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. ஒப்பந்தம் முழுமை பெறவில்லை. கலவரத்துக்கு அஞ்சித் தோணி ஏறியவன் நம் கரை சேர்ந்தான். கப்பலில் வந்திருந்தால் குடிமகன். தோணியில் வந்ததால் கள்ளக் குடியேறியா? இது என்ன சட்டம்?

"அவர்களுக்கு உரிமை கொடுத்தால் நம் கூலி குறையாதா?" என்று உப்பளத்துத் தோழன் கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடை எளியது. முகாம்வாசி இப்போதும் வேலைக்கு வருகிறான். சுண்ணாம்பு அடிக்கிறான், கல் சுமக்கிறான். கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டியவனுக்கு, கூலியைப் பேரம் பேசும் துணிவு எப்படி வரும்? உரிமையற்றவன் உழைப்பே முதலாளிக்கு மலிவு. அந்த மலிவுதான் உன் கூலியையும் இழுக்கிறது. அவன் நிமிர்ந்தால் உன் கூலியும் நிமிரும்!

"குடியுரிமை தந்தால் ஈழத்து நிலத்துக்கான உரிமை போய்விடாதா?" என்ற அச்சமும் உண்டு. ஆகவேதான் சொல்கிறோம்: திரும்ப விரும்புவோர் மானத்தோடு திரும்பட்டும், இருக்க விரும்புவோர் குடிமக்களாய் இருக்கட்டும். முடிவு அவர்களுடையது. 1962இல் புதுவை மக்களிடம் கேட்டார்களே, அதே கேள்வியை முகாமிலும் கேட்கட்டும்!

மண்ணோடு வந்த மக்களை ஏற்றோம். மண்ணிழந்து வந்த மக்களை மறுப்பதா? கிளைதோறும் இதைப் பேசுங்கள். வாக்கில்லாத அவர்களுக்காக வாக்குள்ள நாம் கேட்போம்!