மண்ணின் மைந்தன் என்று சொல்ல மண்ணுக்கு என்ன உரிமை?



எங்கள் பாடசாலைப் பொடியன்களுக்கு இப்போது கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டம்தான். எந்த மாநிலம் அதிக ஜாம்பவான்களைத் தந்தது என்று இடைவேளையில் சண்டை. ஒருவன் நியூயோர்க் என்கிறான், இன்னொருவன் கலிபோர்னியா என்கிறான். போன வாரம் ஒருவன் தொலைபேசியில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். "லூசியானா மண்ணின் மைந்தர்கள்" என்று தலைப்பு.

பட்டியலில் பொய்யில்லை. 1996இல் என்.பி.ஏ. தனது ஐம்பதாவது ஆண்டை முன்னிட்டு 50 மாபெரும் வீரர்களை அறிவித்தது. அதில் ஏழு பேர் லூசியானாவில் பிறந்தவர்கள்: பில் ரஸல், பொப் பெட்டிட், வில்லிஸ் ரீட், எல்வின் ஹேய்ஸ், ரொபர்ட் பரிஷ், கார்ல் மலோன், கிளைட் ட்ரெக்ஸ்லர். எங்கள் நாட்டு சனத்தொகையில் கால்வாசியும் இல்லாத ஒரு மாநிலத்துக்கு இது சாதாரண விடயமல்ல.

ஆனால் "தந்தது" என்ற அந்த ஒற்றைச் சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை. லூசியானா இவர்களைத் தந்ததா, அல்லது இவர்களில் சிலரைத் துரத்திவிட்டதா? துரத்திவிட்டு, அவர்கள் வென்று வந்த பிறகு "எங்கட பிள்ளை" என்று பெனர் அடிப்பதற்குப் பெயர் பெருமையா?

பட்டியலின் முதற்பெயரையே எடுத்துக்கொள்வோம். பில் ரஸல் 1934இல் லூசியானாவின் வடக்கே மன்றோ பகுதியில் பிறந்தார். அவருடைய வாப்பா ஒருநாள் பெற்றோல் அடிக்கப் போனார். வெள்ளையர்களுக்கு அடித்து முடியும்வரை கறுப்பன் நிற்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பொறுமையிழந்து வாகனத்தைத் திருப்பியவரின் முகத்துக்கு நேரே அந்த நிலையத்து ஆள் துப்பாக்கியை நீட்டினான். உம்மா ஒருநாள் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு தெருவில் போனார். பொலிஸ்காரன் மறித்து, இது வெள்ளைக்காரிகள் உடுக்கும் உடுப்பு, வீட்டுக்குப் போய்க் கழற்று என்றான். இதற்கு மேலும் அங்கே இருந்து பிள்ளை வளர்க்க முடியாது என்று அந்தக் குடும்பம் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது ரஸலுக்கு எட்டு வயது.

அந்த எட்டு வயதுப் பிள்ளை பின்னர் பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடி 11 சம்பியன் பட்டங்களை வென்றார். 1966இல் என்.பி.ஏ.யின் முதலாவது கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். இதில் லூசியானாவின் பங்கு என்ன? துப்பாக்கியை நீட்டியதும், உடுப்பைக் கழற்றச் சொன்னதும்தான்.

இப்போது 1956ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டு ரஸல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியோடு இரண்டாவது தடவையாகத் தேசிய சம்பியனாகிறார். மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தங்கம் வெல்கிறார். அதே ஆண்டு, லூசியானாவின் தலைநகர் பேட்டன் ரூஜில் பிறந்த பொப் பெட்டிட், என்.பி.ஏ. வரலாற்றின் முதலாவது பெறுமதிமிக்க வீரர் விருதைப் பெறுகிறார். ஒரே மாநிலத்தில் பிறந்த இருவர், ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், ஒரே ஆண்டில் உச்சிக்கு வருகிறார்கள். அந்த ஆண்டு அவர்களுடைய சொந்த மாநிலம் என்ன செய்தது தெரியுமா? கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து எந்த விளையாட்டும் ஆடக்கூடாது என்று சட்டசபையில் சட்டம் போட்டது!

1957இலும் 1958இலும் இவ்விருவரும் இறுதித் தொடரில் நேருக்கு நேர் மோதினார்கள். முதல் ஆண்டு ஏழாவது ஆட்டம் இரண்டு தடவை மேலதிக நேரத்துக்குப் போய், இரண்டே புள்ளிகளால் ரஸலின் பொஸ்டன் வென்றது. அடுத்த ஆண்டு பெட்டிட் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகள் போட்டு சென் லூயிஸ் அணிக்குக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். உலகமே பார்க்க விரும்பும் இந்த மோதல் பொஸ்டனில் நடக்கலாம், சென் லூயிஸில் நடக்கலாம். இருவரும் பிறந்த லூசியானாவில் நடந்தால் அது குற்றம். ஒரு குத்துச்சண்டை வீரர் வழக்குப் போட்டு, 1959இல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் அந்தச் சட்டம் செத்தது. இந்த இருவரின் பெயரையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துப் போட்டுப் பெருமைப்படுகிறவர்கள் இதையும் பக்கத்தில் எழுத வேண்டாமா?

பெட்டிட்டை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆரம்பத்தில் பாடசாலை அணியிலிருந்து தட்டுப்பட்ட பொடியன் அவர். உழைத்து ஏறி, என்.பி.ஏ.யில் 20,000 புள்ளிகளைக் கடந்த முதல் ஆளானார். ஆனால் அவர் ஏறிய படியைப் பாருங்கள். அவர் ஆடிய லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி தனது முதலாவது கறுப்பின வீரரை எடுத்தது 1971இல்தான். மாநிலத்தின் வரிப்பணத்தில் நடந்த மிகப் பெரிய கதவு, மாநிலத்தின் பிள்ளைகளில் ஒரு பெரும் பகுதிக்கு மூடியே கிடந்தது.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே கற்றார்கள்? வில்லிஸ் ரீட் ஹைக்கோ என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பாடசாலையில் படித்து, கறுப்பினத்தவர்களின் கிராம்பிளிங் கல்லூரிக்குப் போய், பிரெட் ஹொப்டி என்ற பயிற்றுவிப்பாளரிடம் ஆட்டம் பழகினார். 1970 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்குக் காலை நொண்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்து, முதல் இரண்டு பந்துகளையும் கூடைக்குள் போட்ட அந்த மனிதரை உருவாக்கியது, கையிலிருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஆளாக்கிய அந்தக் கறுப்பின ஆசிரியர் சமூகம். ரேவில் ஊரின் எல்வின் ஹேய்ஸ் எல்லை தாண்டி டெக்சாஸின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1968 ஜனவரியில், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ அல்சிண்டரின் அணியை, 52,693 பேர் பார்த்திருக்க 39 புள்ளிகள் போட்டு வீழ்த்தினார். அந்தக் கைதட்டல் டெக்சாஸுக்குப் போனது.

"அதெல்லாம் பழைய கதை சேர், இப்போது மாறிவிட்டதே" என்று சிலர் சொல்வார்கள். மாறியது உண்மைதான். ரொபர்ட் பரிஷ் பிறந்த ஊரான ஷ்ரீவ்போர்ட்டிலேயே கல்லூரிக்குப் போனார். கார்ல் மலோன் தனது ஊருக்குப் பக்கத்தில் லூசியானா டெக்கில் படித்தார். ஜோ டுமார்ஸ் லேக் சார்ள்ஸில் படித்து, 1989 இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். ஆனால் இது எங்கள் வாதத்துக்குத்தான் சாட்சி. கதவு திறந்ததும் பிள்ளைகள் ஊரிலேயே நின்று வளர்ந்தார்கள். அப்படியென்றால் திறமை எப்போதும் அங்கே இருந்தது. இல்லாமல் இருந்தது கதவு மட்டும்தான். மண்ணில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று பேசுகிறவர்கள் கதவை மூடியவர்களைக் காப்பாற்றுகிறார்கள்.

ரஸலின் கதையில் ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கக்கூடாத ஓர் ஆள் இருக்கிறார். ஒக்லண்டில் ரஸல் ஒன்றும் நட்சத்திரமாக இருக்கவில்லை. உயரமான, தடுமாறுகிற, கூச்ச சுபாவமுள்ள பொடியன். கனிஷ்ட அணிக்கு இருந்தது 15 ஜேர்சி. ஜோர்ஜ் பவுல்ஸ் என்ற ஆசிரியர் அவரைப் பதினாறாவதாகச் சேர்த்துக்கொண்டார். ஒரே ஜேர்சியை இன்னொரு பிள்ளையோடு மாறி மாறிப் போட்டு ஆடினார் ரஸல். பவுல்ஸ் வெள்ளையர். கூடைப்பந்தாட்டம் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், ஜேர்சி இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. 11 சம்பியன் பட்டங்களின் வேர் அந்த இல்லாத பதினாறாவது ஜேர்சியில் இருக்கிறது.

பொஸ்டனும் புனித பூமியல்ல. சம்பியனாக இருந்த காலத்திலேயே ரஸலின் வீட்டை உடைத்து, சுவரில் தூஷணம் எழுதி, கட்டிலில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் 1972இல் அவரது 6ஆம் இலக்கத்துக்கு மரியாதை செய்ய அழைத்தபோது, ரசிகர்கள் இல்லாத வெற்று அரங்கில், பழைய தோழர்கள் மாத்திரம் நிற்க அதை ஏற்றுக்கொண்டார். பொன்னாடை போர்த்த வருகிறவர்களின் கையை அவர் முதலில் பார்த்தார். 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்து முஹம்மத் அலி பட்டத்தை இழந்து நின்றபோது, கிளீவ்லண்டில் கூடி அவர் பக்கம் நின்ற விளையாட்டு வீரர்களில் ரஸலும் ஒருவர். அலியின் ஈமானைப் பார்த்துத் தனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று பின்னர் எழுதினார். துரத்தப்படுவது என்றால் என்னவென்று தெரிந்தவருக்குத்தான் துரத்தப்படுகிறவனின் பக்கம் நிற்கத் தெரியும்.

உறவுகளே, லூசியானாவைத் திட்டுவது சுலபம், அது தூரத்தில் இருக்கிறது. வெள்ளையருக்குக் கறுப்பரை விட மேன்மையில்லை என்ற இறுதி ஹஜ் பேருரையை நாங்கள் மிம்பரடியில் அமர்ந்து கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தியிலும் பெறுபேறு வந்த மறுநாள் "மண்ணின் மைந்தன்" என்று பெனர் ஏறுகிறது. அதில் சிரிக்கும் பிள்ளைக்கு வகுப்புக் காசு கட்ட வழியில்லாதிருந்த நாளில் நாம் எங்கே இருந்தோம்? குடும்பப் பெயர் பார்த்து அணி தெரிவு செய்யும்போது நாம் வாய் திறந்தோமா? ஆசிரியர்களாகிய நாங்களே "ஜேர்சி இல்லை, அடுத்த வருஷம் வா" என்று எத்தனை பதினாறாவது பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம்? அவர்களில் பலர் அடுத்த வருஷம் வரவேயில்லை.

பிறந்த இடம் என்பது அல்லாஹ்வின் ஏற்பாடு, அதில் எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை. பிறந்த பிள்ளைக்கு நாம் திறந்த கதவு மட்டும்தான் எங்கள் கணக்கு. ஆகவே அடுத்த பெனர் அடிக்கும் காசில் ஒரு ஜேர்சி வாங்குங்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள். பதினாறாவது பிள்ளைக்கு.