ஒரே கோட்டில் நின்றவர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



நம் பள்ளி ஆண்டு மலரில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நீங்கள் வியப்பது எனக்குத் தெரிகிறது. என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார்கள். "சைக்கிளையே ஒழுங்காக ஓட்டத் தெரியாத உனக்கு இதெல்லாம் எதற்கடி?" என்றார்கள். வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்க நான் வரவில்லை. சென்ற பருவத்தில் நம் இலக்கிய மன்றப் பட்டிமன்றத்தில் தோற்றவள் நான். அன்று சொல்லத் தெரியாமல் விட்டதை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

"விளையாட்டில் பெண்களுக்குத் தனிப் போட்டி தேவையா?" என்பது அன்றைய தலைப்பு. தேவையில்லை என்னும் அணியில் சிஸ்டர் என்னைச் சேர்த்தார்கள். "ஆணின் உடல்வலிமை வேறு, பெண்ணின் உடல்வலிமை வேறு" என்று எதிரணித் தோழி ஒரே போடாகப் போட்டாள். கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு நா எழவில்லை. அதன் பிறகுதான் ஆனா கராஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு வீராங்கனையைப் பற்றிப் படித்தேன். படித்த அன்று இரவு வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

இவர் 1997ஆம் ஆண்டு மூர்சியாவில் பிறந்தவர். தந்தை பந்தய வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அக்காவுக்கென்று வாங்கிய சிறு வண்டியில் மூன்று வயதிலேயே ஏறி அமர்ந்தாராம். (நம் வீடுகளில் அக்காவின் பாவாடைதான் தங்கைக்கு வரும்!) 2013இல், பதினாறு வயதில், மோட்டோ 3 என்னும் உலகப் பந்தயப் பிரிவில் ஆண்களோடு ஓட்டினார். அப்பிரிவில் புள்ளி பெற்ற முதல் பெண் அவரே. அவ்வாண்டு வலென்சியாவில் எட்டாவதாக வந்தார். ஆனால் அடுத்த ஆண்டு, பணம் தரும் ஆதரவாளர் இல்லாமல் கடைசிச் சில பந்தயங்களை அவர் இழக்க நேர்ந்தது. உடல்வலிமை பற்றிப் பேசிய என் தோழிக்கு இதை நினைவூட்ட விரும்புகிறேன்: அவரை அன்று நிறுத்தியது பணமுடையே ஒழிய, கைவலி அல்ல.

பின்னர் சூப்பர்ஸ்போர்ட் 300 என்னும் உலகப் போட்டிக்குச் சென்றார். கடைகளில் விற்கும் வண்டிகளையே சற்றுத் திருத்தி ஓட்டிய பிரிவு அது. 2017 செப்டம்பரில் போர்ச்சுகல் நாட்டின் போர்த்திமாவில் வென்றார். தனிநபர் உலகச் சாலைப் பந்தயம் ஒன்றில் ஒரு பெண் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. இரண்டாமவருக்கும் அவருக்கும் இடையே ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான் வித்தியாசம். கண் இமைக்கவும் அதைவிட நேரமாகும்.

அடுத்த ஆண்டு 2018. இமோலாவில் வென்றார். உடனே அவர் ஓட்டிய கவாஸாகி ரக வண்டிகளின் என்ஜின் சுழற்சிக்கு விதிப்படி வரம்பைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் டோனிங்டனில் மறுபடியும் வென்றார். கடைசிப் பந்தயம் பிரான்சின் மாஞி-கூரில், செப்டம்பர் 30ஆம் நாள். அன்று அவர் பின்வரிசையில் நின்று புறப்பட வேண்டியதாயிற்று. ஒருவர் பின் ஒருவராக முந்திப் பதின்மூன்றாவதாக வந்தார். மூன்று புள்ளிகள் கிடைத்தன. முன்னே மிகா பெரெஸ் என்பவர் வென்றிருந்தால் பட்டம் அவருக்கே போயிருக்கும். அவரை டானியல் வாலே மயிரிழையில் முந்தியதால் பெரெஸ் இரண்டாவதானார். கூட்டிப் பார்த்தால் கராஸ்கோ 93, பெரெஸ் 92. ஒரே ஒரு புள்ளி! ஆண்களும் பெண்களும் ஒரே கோட்டில் நின்று ஓட்டும் தனிநபர் உலகச் சாலைப் பந்தயப் பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண் பெற்றார்.

வலிமை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேகத்தில் பிரேக் பிடிக்கவும், வளைவில் வண்டியைச் சாய்த்து நிமிர்த்தவும் நல்ல வலு வேண்டும். ஓட்டப் பந்தயத்திலும் பளு தூக்குவதிலும் தனிப் போட்டி நியாயமே. இதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன். ஆனால் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, யாருடைய நிழலில் ஒட்டிச் சென்று எப்போது வெளியே வருவது என்பதற்கு அறிவும் நெஞ்சுரமும் போதும். அந்த இரண்டுக்கும் ஆண், பெண் என்ற அளவுகோல் ஏது?

2020 செப்டம்பரில் எஸ்தோரிலில் பயிற்சியின்போது விழுந்து முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் முறிந்தன. அறுவை செய்து உலோகம் பொருத்தினார்கள். 2021 ஜூனில் மிசானோவில் மறுபடி முதலாவதாக வந்தார். இதைப் படித்தபோது என் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி எனக்கே குழப்பமான இடத்துக்கு வருகிறேன். 2024இல் பெண்களுக்கென்றே ஓர் உலகச் சாலைப் பந்தயப் போட்டி தொடங்கியது. அனைவருக்கும் ஒரே வகை யமஹா வண்டி. கராஸ்கோவும் சேர்ந்தார், மரியா ஹெரேராவை இரண்டாமிடத்துக்குத் தள்ளி முதல் பட்டத்தையும் வென்றார். ஆண்களை வென்றவர் ஏன் தனிப் பந்தியில் போய் உட்கார வேண்டும் என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு நம் பள்ளியை நினைத்துப் பார்த்தேன். இங்கே மாணவத் தலைவி பெண், மேடையில் பேசுபவள் பெண், பெஞ்சைத் தூக்கிப் போடுபவளும் பெண். பையன்கள் நடுவில் இருந்தால் நான் பட்டிமன்றத்தில் வாயைத் திறந்திருப்பேனா என்பதே சந்தேகம். பணமும் இடமும் கிடைக்காத பல நாட்டுப் பெண்களுக்கு அந்தப் போட்டி ஒரு படிக்கட்டு. கராஸ்கோ அதில் உட்கார்ந்துவிடவில்லை. 2025இல் ஆண்களும் ஓட்டும் சூப்பர்ஸ்போர்ட் பிரிவுக்குப் போனார்.

ஆனால் படிக்கட்டைக் காட்டிக் கதவைச் சாத்திவிடுவார்களோ என்னும் பயம் எனக்கு உண்டு. 1962இல் பெரில் ஸ்வெயின் என்னும் ஆங்கிலப் பெண்மணி மேன் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தில் 50 சிசி வண்டியை ஓட்டி 22ஆவதாக வந்தார். பெண்ணுக்கு அது ஆபத்து என்று சொல்லி அவருடைய உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். ஆபத்து ஆணுக்கு இல்லையா?

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஒரு சதுரங்கப் போட்டியில் பையன்களோடு ஆடிப் பதினொன்றாவதாக வந்தேன். பத்தாவதாக வந்தவனுக்கு வெறும் சான்றிதழ். எனக்கோ "சிறந்த மாணவி" என்று ஒரு கோப்பை. "பெண்பிள்ளைக்கு இதுவே பெரிது" என்று கொடுத்தவர் சிரித்தார். சதுரங்கக் காயைத் தூக்க எவ்வளவு வலிமை வேண்டும்? கோப்பை வீட்டு அலமாரியில் இருக்கிறது. விருந்தினர் வந்தால் அப்பா எடுத்துக் காட்டுகிறார். நான் அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

இவ்வாண்டு விண்ணப்பம் வந்துவிட்டது. "பொது", "பெண்கள்" என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. "பெண்கள் பிரிவில் போட்டால் முதல் பரிசு உறுதி, யோசித்துக்கொள்" என்றார் அப்பா. நான் "பொது" என்பதில் குறியிட்டேன். அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.