விருந்தாளிப் பறவைகளும் வெளியேறிய குடும்பங்களும்

வட நாடுகளில் குளிர் தொடங்கியதும் காட்டுத் தாராக்கள் நம் தீவை நோக்கிப் பறந்து வருகின்றன. ஊசிவால் தாரா போன்றவை மன்னார், யாழ்ப்பாணம், புந்தல முதலிய கரையோரத் தாழ்நிலங்களில் தங்கி, பங்குனி சித்திரை அளவில் திரும்பிவிடும். மலைநாட்டு நீர்நிலையொன்றில் நாலைந்து வந்து இறங்குவது அபூர்வம். இறங்கிவிட்டால், பறவை அன்பர்கள் தொலைநோக்கியோடு கடுகண்ணாவைக் கணவாய் ஏறி ஓடி வருவார்கள்.

அவர்களின் மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால், பறவை மிதக்கும் நீருக்கடியில் என்ன கிடக்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்?

கண்டி வாவி, 1807 இல் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயல்வெளியை மறித்துக் கட்டியது. விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் சுற்றுக் கிராமங்களின் வயல்களும் அதன் நீருக்குள் போயின. கொத்மலைப் பள்ளத்தாக்கின் கதையும் இதுவே. வெளியேறிய குடும்பங்கள் பல மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். தலைமுறைகளாகப் பழகிய அயலையும் ஊரையும் எவரும் அளந்து கொடுக்க முடியவில்லை.

1987 இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் சரணாலயமாக்கப்பட்டது. காடு காக்கப்படுவது நல்லதே. காடில்லாவிட்டால் நீர்த்தேக்கம் மண்ணால் நிரம்பும். ஆனால் சரணாலயம் என்ற சொல்லுக்கு அடைக்கலம் என்பதே பொருள். அந்த அடைக்கலத்தில் மனிதருக்கும் பங்கு வேண்டாமா?

தாராவின் வாழ்க்கையே இதற்கு விடை சொல்கிறது. ஊசிவால் தாரா ஆழத்தில் முக்குளித்து இரை தேடுவதில்லை. தலையை நீரில் கவிழ்த்து, கழுத்துக்கு எட்டும் ஆழத்தில் விதையும் பூண்டும் பொறுக்கும். செங்குத்தான கரைகளுள்ள பெரிய நீர்த்தேக்கத்தில் அதற்குத் தீனி குறைவு. ஆழமில்லாத கிராமக் குளமும் பெரும்போகத்து ஈரவயலுமே அதன் பந்தி. உங்கள் பாட்டன்மார் வரம்பு கட்டிக் காத்த நிலம், அவர்கள் அறியாமலே பறவையையும் காத்தது. விவசாயியையும் பறவையையும் எதிரிகளாகக் காட்டுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. எத்தனை தாரா வந்தது, எத்தனை குறைந்தது என்று கவனமாக எழுதுகிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, பிள்ளைகளுக்குக் காணி மிஞ்சியதா என்பதையும் அதே கவனத்தோடு ஆண்டுதோறும் எழுத வேண்டும். புதிதாக ஒரு சரணாலயத்தைப் பிரகடனம் செய்யுமுன், அந்த நிலத்தை விட்டுப் போனவர்களையும் அழைத்துப் பேச வேண்டும். இது சலுகையன்று, நியாயம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் குளத்துக்கு எந்தப் பறவை, எந்த மாதம் வருகிறது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குளத்தோரத்தில் கிருமிநாசினி தெளிப்பதைக் குறையுங்கள். மூழ்கிய ஊரின் வயல்களின் பெயர்களையும் அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறை அதிகாரியோ பறவை அன்பரோ வரும்போது, அதை அவர்கள் முன் விரித்து வைத்துப் பேசுங்கள்.