நாபோத்தின் தோட்டமும் பாராளுமன்றக் குரலும்

“பாராளுமன்றத்தில் பேசிப் பேசி எவருக்காவது ஒரு பரப்புக் காணி திரும்பக் கிடைத்ததா?” இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் நடுவே பணிபுரிவோர் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. பெரும்போக மழை தொடங்கும் வேளையில் உழவேண்டிய வயலை முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் ஒருவர் இதைக் கேட்கும்போது, அதில் உள்ள கசப்பை நாம் குறை கூற இயலாது. தேர்தலுக்கு வருகிறார்கள், வாக்குக் கேட்கிறார்கள், கொழும்புக்குப் போய் உரத்துப் பேசுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. எமது வயலோ பற்றைக்காடாகவே கிடக்கிறது என்பது எம்மவர் பலரின் மனக்குறை.

இந்தக் கேள்விக்கு “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. காலஞ்சென்ற திரு. இரா. சம்பந்தன் அவர்களின் பாராளுமன்ற வாழ்வையும், அவர் பிரதிநிதித்துவம் செய்த திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் மக்களின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகும்.

அதற்கு முன் திருவிவிலியத்தில் வரும் ஒரு காணி வழக்கை நினைவுகூர்வோம். அரசர்கள் முதல் நூலில் நாபோத்து என்னும் விவசாயியின் கதை உண்டு. அவனுடைய திராட்சைத் தோட்டம் ஆகாபு அரசனின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. அரசன் அதைக் கேட்டான். பதிலாக வேறு நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவும் சொன்னான். பரம்பரைக் காணியைக் கொடுக்க நாபோத்து மறுத்தான். அதன்பின் பொய்ச்சாட்சிகள் இருவர் ஏற்பாடாகினர், சபை கூடியது, தீர்ப்பு வந்தது, நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான். எல்லாம் சட்டப்படி நடந்ததுபோலவே நடந்தது. அவனுக்காக அந்தச் சபையில் எழுந்து பேச ஒருவர்கூட இருக்கவில்லை. இறைவாக்கினர் எலியா வந்தபோது நாபோத்து இறந்து போயிருந்தான்.

இந்தக் கதை எமது மக்களுக்குப் புதிதல்ல. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது வான்தாக்குதல்கள் தொடங்கியபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். 2007 மே மாதம் வெளிவந்த வர்த்தமானி அப்பிரதேசத்தை உயர் பாதுகாப்பு வலயமாக்கியது. மக்கள் திருகோணமலை மாவட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் ஊருக்கு அல்ல. கிளிவெட்டி, பட்டித்திடல், மணல்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தறப்பாளும் தகரமும் அவர்களுக்கு வீடாயின. 2012இல் இன்னொரு வர்த்தமானி வந்தது. அதன்படி 818 ஏக்கர் நிலம் முதலீட்டு வலயமாகி ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனது. ஆகாபு சொன்னது போலவே மாற்றுக் காணி தருவதாகவும் சொல்லப்பட்டது. பலர் மறுத்தார்கள். தம் கிணற்றையும் தென்னையையும் கோவிலையும் விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இருக்கவில்லை.

நாபோத்துக்குக் கிடைக்காத ஒன்று சம்பூர் மக்களுக்குக் கிடைத்தது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்காகச் சபையில் எழுந்து பேச ஒருவர் இருந்தார்.

சம்பந்தன் அவர்கள் 1933இல் பிறந்தவர், சட்டத்தரணி. 1977 பொதுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றபோது திருகோணமலையிலிருந்து முதன்முறை பாராளுமன்றம் சென்றார். 1983 ஆடிக் கலவரத்தின் பின் கொண்டுவரப்பட்ட ஆறாவது திருத்தம், தனிநாட்டைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைக் கோரியது. கூட்டணி உறுப்பினர்கள் அதை ஏற்காது சபைக்குச் செல்லாமல் விட்டு ஆசனங்களை இழந்தனர். மீண்டும் அவர் சபைக்குள் வந்தது 1997இல். அதுவும் திருகோணமலை உறுப்பினர் தங்கத்துரை அவர்கள் அவ்வாண்டு ஜூலை 5ஆம் திகதி கொல்லப்பட்டதால் ஏற்பட்ட வெற்றிடத்துக்கு. அந்தக் காலத்தில் ஒரு தமிழ் உறுப்பினரின் ஆசனம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவருடைய சகாவான ஜோசப் பரராஜசிங்கம் அவர்கள் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலி வேளையில் மட்டக்களப்பு மரியாள் பேராலயத்தினுள்ளேயே சுடப்பட்டு இறந்தார். நடராஜா ரவிராஜ் அவர்கள் 2006 நவம்பர் 10ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டார். “சும்மா பேசுகிறார்கள்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சுக்குச் சிலர் உயிரையே விலையாகக் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது.

இனி, பேச்சினால் விளைந்தது என்ன என்று பார்ப்போம். சம்பூர் மக்களின் மீள்குடியேற்றம் பற்றிச் சம்பந்தன் அவர்கள் சபையில் திரும்பத் திரும்பப் பேசினார். பல ஆண்டுகளாக எதுவும் நடக்கவில்லை. 225 பேர் கொண்ட சபையில் ஒரு சிறுபான்மைக் கட்சி வாக்கெடுப்பில் வெல்லமுடியாது. இது எளிய கணக்கு. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே கதவு திறந்தது. மே மாதம் புதிய ஜனாதிபதி அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானியை ரத்துச் செய்தார். நீதிமன்றத் தடை ஒன்றையும் கடந்து ஓகஸ்டில் காணிகள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் 2016 மார்ச்சில் விடுபட்டது. அங்கே அமையவிருந்த அனல் மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. எனினும் எல்லா நிலமும் திரும்பவில்லை. மின் திட்டத்துக்கென எடுத்த நிலத்தில் சூரிய மின் நிலையம் அமைக்க 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அப்படியானால் காணியைத் திருப்பித் தந்தது யார்? ஆட்சி மாற்றமா? பாராளுமன்றப் பேச்சா? மக்களின் பிடிவாதமா? மூன்றும்தான் என்பது என் கருத்து. ஆட்சி மட்டும் மாறி, பிரச்சினை எவர் காதிலும் விழாதிருந்தால், முகாமிலிருந்த சில நூறு குடும்பங்களைக் கொழும்பில் எவர் நினைத்திருப்பார்? பேச்சு மட்டும் இருந்து, மக்கள் மாற்றுக் காணியை ஏற்றுச் சிதறிப் போயிருந்தால், எவருக்காகக் காணியைக் கேட்பது? சபையில் சொல்லப்பட்ட சொல் ஹன்சாட்டில் பதிவாகிறது. அது விதைநெல் போன்றது. விதைத்த அன்றே அரிசி கிடைப்பதில்லை. ஆனால் விதைக்காதவனுக்கு மழை வந்தும் பயனில்லை.

சம்பந்தன் அவர்களைப் பற்றிய குறைகளையும் மறைக்கக் கூடாது. 2015 செப்டெம்பர் 3ஆம் திகதி அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கம் அவர்களுக்குப் பின் அப்பதவியை வகித்த தமிழர் அவரே. 2018 டிசம்பர் வரை அதில் இருந்தார். அந்தக் காலத்தில் அரசோடு மிக மென்மையாக நடந்தார், புதிய அரசியலமைப்பு வரும் என்று மக்களைக் காத்திருக்க வைத்தார் என்பன அவர்மீது கூறப்பட்ட குற்றச்சாட்டுக்கள். அந்த அரசியலமைப்பு வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் அமர்ந்ததும் அவருடைய காலத்திலேயே. 2017 பெப்ரவரியில் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் படைமுகாம் வாசலில் ஒரு மாதம் இரவுபகலாக இருந்து தம் காணியை மீட்டார்கள். 1992இல் வெளியேறிய இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் ஏறித் தாமே தம் தீவுக்குப் போய் இறங்கினார்கள். தலைவர்கள் காத்திருக்கச் சொன்னபோது மக்கள் நடந்துகாட்டினார்கள். இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. மென்மையான பேச்சு, மக்களின் வேதனையிலிருந்து விலகிப் போகும் அபாயம் எப்போதும் உள்ளது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 9ஆம் திகதி ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களில் முதற்பெயர் சம்பந்தன் அவர்களுடையது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்கள். சிறுபான்மையின் பிரதிநிதி ஒருவர் முழு நாட்டினதும் சட்டத்தைக் காத்தார். சிறுபான்மை உரிமை என்பது பெரும்பான்மையிடம் கேட்கும் சலுகை அல்ல. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையே அது. அந்தக் கோரிக்கை எம்மையும் கட்டுப்படுத்தும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வயலும் வயல்தான். எமது காணிக்காகக் குரல் கொடுப்பவர் அவர்களுடைய காணிக்காகவும் பேசினால்தான் அக்குரலுக்கு அறவலிமை உண்டு.

2024 ஜூன் 30ஆம் திகதி சம்பந்தன் அவர்கள் தம் 91ஆவது வயதில் காலமானார். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டு ஆசனங்கள். எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொரு குரலும் உறுதியான ஆதாரத்தோடு எழவேண்டியது அவசியமாகிறது. அந்த ஆதாரத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. எமது பங்கில் குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

ஓர் உதாரணம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தில் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களின் உரிமை, வேறொருவர் பத்தாண்டு ஆண்டனுபவித்தார் என்ற காரணத்தால் பறிபோகாமல் தடுக்க இயற்றப்பட்டது. வழக்கிட இரண்டு ஆண்டுத் தவணை கொடுத்தது. எமது கிராமங்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? சபையில் வென்றதை நாம் ஊரில் தவறவிட்டோம்.

மற்றோர் உதாரணம் அண்மையது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறும், தவறினால் அது அரச காணியாகும் என்றும் அறிவித்தது. உறுதிகளை ஓடும் வழியில் தொலைத்தவர்களும் கடல் கடந்து போனவர்களும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? சபையிலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றத்திலும் வழக்கு வைக்கப்பட்டது, வர்த்தமானி விலக்கப்பட்டது. இங்கே குரல் வேளைக்கு எழுந்தது. ஆனால் மறுமுறையும் இப்படி ஒன்று வரலாம்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இப்போதே செய்யத்தக்கவை சில உண்டு. உறுதி, அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையப் பதிவு, பழைய குடும்ப அட்டை, வரிப் பற்றுச்சீட்டு என்று கையில் உள்ள எதையும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். எதுவும் இல்லாதவர்கள் காணியின் எல்லைகளையும் அயற்காணிக்காரர் பெயர்களையும் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய சாட்சியத்தைச் சத்தியக் கடதாசியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். கணவனை இழந்த பெண்களின் பெயர் காணிப் பத்திரத்தில் உள்ளதா என்று பாருங்கள். உங்கள் காணி எந்தத் திணைக்களத்தின் பிடியில், எந்தக் கட்டளையின்படி உள்ளது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த விபரத்தோடு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் போங்கள். பொதுவாகப் பேசச் சொல்லாதீர்கள். இந்த ஊர், இத்தனை ஏக்கர், இத்தனை குடும்பம் என்று அமைச்சரிடம் வினாவாகக் கேட்கச் சொல்லுங்கள். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு உங்கள் மனுவை அவர் மூலம் சமர்ப்பியுங்கள். வந்த பதிலை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும்படி கேளுங்கள். அவர் செய்யவில்லையென்றால் அடுத்த தேர்தலில் அதை நினைவில் வையுங்கள்.

பங்குத்தளங்களுக்கும் கடமை உண்டு. ஆலய மண்டபத்தில் மாதம் ஒருமுறை காணி ஆவணங்களை ஒழுங்குசெய்யும் ஒரு மாலை வேளையை ஒதுக்கினால், அதுவும் வழிபாடுதான். இந்து, முஸ்லிம் அயலவர்களும் அங்கே வரட்டும்.

நாபோத்துக்கு எதிராக இரண்டு பொய்ச்சாட்சிகள் இருந்தார்கள். அவன் பக்கத்தில் ஒரு மெய்ச்சாட்சி இருந்திருந்தால்? அந்தக் குறை எமது மக்களுக்கு நேரக்கூடாது. சபையில் ஒருவர் எழுந்து பேசும்போது, அவர் கையிலுள்ள கடதாசி எமது கையிலிருந்து போனதாக இருக்கட்டும்.